மலையில் தலையாட்ட வேண்டாம், தம்பி

தம்பி, சுவிஸில் இது உங்களுக்கு இரண்டாவது குளிர்காலம், பிஸ்டில், அதாவது ஸ்கீக்காகச் சமப்படுத்திக் கண்காணிக்கிற பாதையில், விழாமல் இறங்குமளவுக்கு ஸ்கீ பழகிவிட்டீர்கள், வேலையிடத்து நண்பர்கள் வருகிற ஞாயிறு லிஃப்ட் இல்லாத மலைக்கு ஸ்கீ டூர் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போகலாமா, என்ன உடுப்பு வேண்டும், மறுத்தால் குறையாக நினைப்பார்களா, போனால் இவர்களோடு நெருக்கம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடுப்புக்கு இரண்டு வரி போதும். பருத்தி வேண்டாம், ஏறும்போது வியர்க்காத அளவுக்கு மெல்லியதாக உடுத்துங்கள், நிற்கும்போது போட்டுக்கொள்ளத் தடித்த மேலங்கி ஒன்று பையில் இருக்கட்டும். நெருக்கம் தன்னால் வரும். "மறுத்தால் குறையாக நினைப்பார்களா" என்ற வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

நான் 1980களின் கடைசியில், ஒரு ஜனவரி மாதம் வந்திறங்கியவன். பழைய விடுதி ஒன்றில் எங்களைத் தங்கவைத்திருந்தார்கள். மொழி தெரியாது. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டினோம். கையெழுத்து போடச் சொன்ன இடத்தில் போட்டோம், வேலையை இன்னும் இரண்டு மணி நேரம் நீட்டச் சொன்னால் நீட்டினோம். பிரச்சினைக்காரர்கள் என்ற பெயர் வந்துவிடக் கூடாது என்பதே எங்கள் ஒரே கவலை. அன்று அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் வேலையும் வீடும் குடியுரிமையும் கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் எங்கள் தலைமுறையை விட்டுப் போகவில்லை. படித்துவிட்டு, கையில் வேலை ஒப்பந்தத்தோடு வந்திறங்குகிற உங்களைப் போன்ற பிள்ளைகளிடமும் அதையே பார்க்கிறேன். அலுவலகத்தில் தலையாட்டினால் சம்பள உயர்வு தள்ளிப்போகும். பனிமலையில் தலையாட்டினால் உயிர் போகலாம்.

நீங்கள் இதுவரை பழகிய பிஸ்ட் வேறு உலகம். அங்கே ஆபத்தான சரிவுகளை வெடி வைத்து முன்கூட்டியே இறக்கிவிடுகிறார்கள், சந்தேகம் இருந்தால் பாதையை மூடிவிடுகிறார்கள். வேலியைத் தாண்டினால் அந்தப் பொறுப்பு முழுவதும் போகிறவர்களுடையது. சறுக்குப் பலகையின் அடியில், பின்னால் வழுக்காமல் பிடிக்கிற, 'தோல்' என்று சொல்லும் பட்டையை ஒட்டி, குதிகாலைத் தளரவிட்டு, சொந்தக் காலால் ஏறி, தோலை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு இறங்குவதுதான் ஸ்கீ டூர். ஏறுவதைப் பழகிவிடலாம். எங்கே ஏறக் கூடாது என்று தெரிவதுதான் கடினம்.

பனிச்சரிவு என்றால் மேலிருந்து தானாக வந்து விழுவது என்று நம்மவர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பனிச்சரிவில் சிக்குகிற ஸ்கீக்காரர்களில் பத்தில் ஒன்பது பேரளவில், தாங்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்ட சரிவிலேயே சிக்குகிறார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லிதாகக் கிடக்கும்போது, நிலத்தோடு ஒட்டிய அடி சூடாகவும் மேல்பரப்பு கடுங்குளிராகவும் இருக்கும். அந்த வேறுபாட்டில் இடையிலுள்ள பனி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடுகிறது. பிறகு புதுப்பனி பெய்து, காற்று அதை அழுத்திப் பலகை போல இறுக்கிவிடுகிறது. மேலே பார்த்தால் வழவழவென்று அழகாக இருக்கும். ஒரு மனிதனின் எடை அடியிலுள்ள அந்த மணிகளை நொறுக்கினால் போதும், விரிசல் ஓடி, சரிவு முழுவதும் கழன்று இறங்கும். இதற்கு 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வு வேண்டும். அதனால்தான் சுவிஸ் நில அளவைத் துறையின் வரைபடத்தில் 30 பாகையைத் தாண்டிய இடங்களுக்கு மஞ்சள், 35க்கு மேல் செம்மஞ்சள், 40க்கு மேல் சிவப்பு என்று நிறம் போட்டிருக்கிறார்கள். கைபேசியிலேயே பார்க்கலாம். போகப்போகிற பாதையை அதில் விரலால் தொடர்ந்து பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். நாம் நடக்கும் இடம் தட்டையாக இருந்தாலும், மேலே நிறம் பூசிய சரிவு இருந்தால் அது நம் தலைமேல் இறங்கும்.

டாவோஸில் இருக்கிற பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கு அறிக்கை வெளியிடுகிறது. காலை 8 மணிக்கு அதைப் புதுப்பிக்கிறது. ஆபத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். உங்கள் நண்பர்களில் ஒருவர், "நிலை மூன்றுதான், ஐந்தில் நடுப்பகுதிதானே" என்று சொல்லக்கூடும். அந்தச் சொல்லை நம்பாதீர்கள். நிலை 4 வந்தால் பெரும்பாலோர் போவதில்லை, 5 வந்தால் சாலைகளே மூடப்படும். இந்த நாட்டின் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய பாதி நிலை 3 அறிவித்த நாட்களில் நடக்கிறது. எண்ணோடு நிறுத்தாமல், எந்தத் திசை பார்த்த சரிவு, எவ்வளவு உயரத்துக்கு மேல், எந்த வகைப் பனி என்று கீழே எழுதியிருப்பதையும் வாசியுங்கள். நானும் ஜெர்மன் எழுத்துக் கூட்டிப் படித்தவன்தான். இன்று அந்த அறிக்கையை அகராதி இல்லாமல் வாசிக்கிறேன் என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு.

ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும். புதைந்தவரின் சமிக்ஞையைப் பிடிக்கும் எல்.வி.எஸ். கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட மடக்குக்கோல், உலோகத்தில் செய்த மண்வாரி. கருவிகள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுவதால் எந்த நிறுவனத்துக் கருவியும் மற்றதைக் கண்டுபிடிக்கும். அதை உடம்போடு கட்ட வேண்டும், பைக்குள் வைக்கக் கூடாது. கைபேசியை அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வைத்திருங்கள், தேடும்போது 50. இரவல் கருவியை வாங்கி மாட்டிக்கொண்டு, "எப்படி என்று அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புவது நண்பர்களுக்குச் செய்கிற துரோகம். நீங்கள் புதைந்தால் அவர்கள் உங்களைத் தோண்டுவார்கள். அவர்கள் புதைந்தால் தோண்டப்போவது நீங்கள்.

10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியாகிவிட்டால் மூன்றில் இரண்டு பங்கினர் மூச்சடைத்து இறந்துவிடுகிறார்கள். ரேகா (Rega) என்ற சுவிஸ் வான்வழி மீட்பு அமைப்பின் ஹெலிகாப்டர் மிக வேகமானது, அவர்களுடைய 1414 என்ற எண்ணை இன்றே கைபேசியில் பதிந்து வையுங்கள். ஆனால் அந்த முதல் 10 நிமிடம் பக்கத்தில் நிற்பவருடையது. ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்கத் தொன் கணக்கில் பனியை வார வேண்டும், நின்றுபோன பனிச்சரிவு சற்று நேரத்திலேயே இறுகிவிடும். ஆகவே கிளம்பும் முன் "எல்லாரிடமும் மூன்றும் இருக்கிறதா, கருவியைச் சரிபார்த்தோமா" என்று கேட்பது அவமரியாதை அல்ல. அந்தக் கேள்வியால் முகம் சுளிக்கிற கூட்டத்தோடு போகவே போகாதீர்கள்.

நம்மவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சாரார், இது வெள்ளைக்காரர் விளையாட்டு, நமக்கேன் வம்பு என்று முப்பது வருடமாக ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே மலையைப் பார்க்கிறார்கள். வாழும் நாட்டின் பாதியை அவர்கள் தாங்களாகவே துறந்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். இன்னொரு சாரார், அண்மையில் வந்த இளைஞர்கள், ஒரே மாதத்தில் எல்லா உபகரணங்களும் வாங்கி, படம் போடுவதற்காக, முன்னால் யாரோ போன தடத்தைப் பிடித்து ஏறுகிறார்கள். இவர்கள்தான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறார்கள். தடம் இருப்பதால் பாதுகாப்பு என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐந்து பேர் தாண்டிய சரிவு ஆறாவது ஆளின் காலடியில் கழன்றிருக்கிறது.

கிரௌபுண்டன் மாநிலத்தில் சாங்க்ட் அந்தோனியென் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே சில பழைய வீடுகளின் பின்புறம், மலையைப் பார்த்த பக்கம், கல்லால் ஆப்பு வடிவில் கட்டியிருக்கிறார்கள். இறங்கி வரும் பனி அதில் மோதி இரண்டாகப் பிரிந்து வீட்டின் இருபுறமும் போய்விடும். அந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கள். 1950-51 குளிர்காலத்தில் மட்டும் இந்த நாட்டில் 98 பேரைப் பனிச்சரிவு கொண்டுபோனது. தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தவர்களே அப்படிப் பயந்து கட்டியிருக்கும்போது, நாம் பயப்படுவதில் வெட்கம் என்ன?

அந்தப் பள்ளத்தாக்கில்தான் நண்பர்களோடு போன ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். விடியுமுன் கிளம்பினோம். ஒருவர் முன்னால் நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போய்க் கருவிகளைச் சரிபார்த்தோம். காடு முடிந்து வெளிக்கு வந்ததும் பத்து மீட்டர் இடைவெளி விட்டு நடந்தோம். சிறு முகடு ஒன்றைத் தாண்டும்போது காலுக்கடியில் "வும்" என்று ஓர் அடங்கிய சத்தம், பக்கத்து அறையில் யாரோ அரிசி மூட்டையைக் கீழே போட்டது போல. அடியிலுள்ள அந்த மணிகள் நொறுங்குகிற சத்தம் அது. எனக்குக் கொஞ்சம் முன்னால் பனியில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. நாங்கள் நின்ற இடம் தட்டை, அதனால் எதுவும் நகரவில்லை. உச்சி அருகில் தெரிந்தது, வெயில் அடித்தது, கடைசிச் சரிவு மட்டும்தான் மிச்சம். அனுபவக்காரர்கள் இரண்டு பேர் இடது ஓரமாகப் போய்ப் பார்க்கலாம் என்று வரைபடத்தை எடுத்தார்கள். அப்போது கூட்டத்திலேயே புதியவளான ஒரு தாதி, டூர் வரத் தொடங்கி அதிக காலமாகாதவள், "நான் இதில் ஏற மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். யாரும் வாதாடவில்லை. தோலை உரித்தோம், பையில் வைத்தோம், வந்த வழியே ஒவ்வொருவராக இறங்கினோம். அந்தச் சரிவு கழன்றிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கு எல்லாரும் நன்றி சொன்னோம்.

ஒருவர் மறுத்தால் எல்லாரும் திரும்புகிற பழக்கம் எங்களுக்கு என் பழைய மேற்பார்வையாளரிடமிருந்து வந்தது. தொழிற்சாலையில் பேச்சே குறைவான மனிதர். அவர்தான் என்னை முதலில் தோல் ஒட்டிய பலகையில் ஏற்றினார். செங்குத்தான சரிவில் திசை மாற்றுவதை ஒரு பிற்பகல் முழுவதும் சொல்லிக்கொடுத்தார். மேல்பக்கத்துப் பலகையைத் தூக்கி, எதிர்த்திசையில் திருப்பிப் பனியில் அழுத்தி, எடையை அதன்மேல் மாற்றி, பின்தங்கிய காலைச் சட்டென்று உதற வேண்டும்; அந்த உதறலில் பலகையின் முனை மேலே எழும், வால் கீழே போகும், அப்போதுதான் அது பனியில் சிக்காமல் சுற்றி வரும். நிதானம் இழந்தால் இரண்டு பலகையும் குறுக்கே மாட்டிக்கொள்ளும். அவர் அவசரப்பட்டதே இல்லை. ஒவ்வொரு சரிவின் விளிம்பிலும் நின்று, கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவரிடம்தான் முதலில் கருத்துக் கேட்பார். மூத்தவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் வாயை மூடிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த நாட்டில் முதன்முதலில் என் கருத்தை ஒருவர் கேட்டு, நான் "வேண்டாம்" என்று சொல்லி, அதற்காக ஒரு கூட்டமே திரும்பியது அவரோடு போன மலையில்தான். வேலையிடத்தில் பல வருடம் கழித்து நான் குரல் உயர்த்தக் கற்றுக்கொண்டதற்கும் அதுவே காரணம்.

இந்த ஞாயிறு பற்றி: சனி மாலை 5 மணி அறிக்கையைப் பாருங்கள். நிலை 3 என்றால், முதல் டூருக்கு அது வேண்டாம் என்று நண்பர்களிடம் நேராகச் சொல்லுங்கள். 1 அல்லது 2 என்றால், பாதை முழுவதும் 30 பாகைக்குக் கீழே இருக்கிறதா என்று கேட்டு, சனிக்கிழமை பகலில் ஒருவரை அழைத்து, கருவியைப் புதைத்துத் தேடிப் பழகிவிட்டுப் போங்கள். சுவிஸ் அல்பைன் கழகம் நடத்தும் பனிச்சரிவு வகுப்பில் இந்தக் குளிர்காலத்திலேயே சேர்ந்துவிடுங்கள். ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணி நேரமாவது வேலை செய்தால் ஓய்வுநேர விபத்துக்கும் காப்புறுதி உண்டு, உங்களுக்கு இருக்கும். வரைபடத்தில் விலங்குகளுக்காக ஒதுக்கிய பகுதிகள் இருக்கும், குளிர்காலத்தில் அதற்குள் நுழையக் கூடாது.