ஷேர்டு லைப்ரரிக்குள் ஸ்டாட்டிக் லைப்ரரி

கேள்வி: லினக்ஸில் சி மொழியில் ஒரு ஷேர்டு லைப்ரரி எழுதியுள்ளேன். தரவைச் சுருக்கும் இசட்லிப்பின் ஸ்டாட்டிக் லைப்ரரியான 'லிப்இசட்.ஏ' கோப்பையும் அதற்குள் சேர்க்க முயன்றால், எஃப்பிக் (எந்த முகவரியிலும் ஓடக்கூடிய நிரலை உருவாக்கச் சொல்லும் கம்பைலர் தெரிவு) கொடுத்து மறுபடி கம்பைல் செய்யுமாறு கூறி, கோப்புகளை இணைக்கும் லிங்கர் நின்றுவிடுகிறது. என் கோப்புகள் அனைத்தையும் அப்படித்தான் கம்பைல் செய்திருக்கிறேன். பிழை எங்கே?

பதில்: பிழை உங்கள் கோப்புகளில் இல்லை. பிழைச்செய்தியின் தொடக்கத்தைப் பாருங்கள், லிப்இசட்.ஏ என்பதை ஒட்டி, அடைப்புக்குறிக்குள் 'இன்ஃப்ளேட்.ஓ' போன்றதொரு பெயர் இருக்கும். ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது முன்பே கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கட்டி வைத்த மூட்டைதான். கட்டியவர் எஃப்பிக் கொடுக்காமல் விட்டிருந்தால், நீங்கள் கொடுப்பது அவற்றைச் சென்றடையாது. நினைவகத்தில் எந்த முகவரியில் ஏற்றினாலும் ஓட வேண்டிய ஷேர்டு லைப்ரரிக்குள், நிலையான முகவரியை நம்பிக் கம்பைல் செய்த ஆப்ஜெக்டுக்கு இடமில்லை. (பழைய 32 பிட் இன்டெல் கணினிகளில் இது பெரும்பாலும் தடையின்றி நடந்துவிடும், ஏற்றும் வேளையில் நிரலையே திருத்திக்கொள்ள அங்கு வழியிருந்தது.)

ஆகவே இசட்லிப்பின் மூலநிரலை இறக்கி, எஃப்பிக் சேர்த்து நீங்களே ஒரு லிப்இசட்.ஏ கட்டிக்கொள்ளுங்கள்.

லிங்க் செய்யும்போது உங்கள் ஆப்ஜெக்டுகளுக்குப் பின்னரே அதைக் குறிப்பிட வேண்டும். லிங்கர் இடமிருந்து வலமாகச் சென்று, அதுவரை விடை கிடைக்காத (அதாவது, அழைக்கப்பட்டும் வரையறை காணப்படாத) பெயர்களுக்குரிய ஆப்ஜெக்டுகளை மட்டுமே மூட்டையிலிருந்து எடுக்கும். வரிசையை மாற்றினால் எதுவும் எடுக்கப்படாது. ஷேர்டு லைப்ரரி என்பதால், விடை கிடைக்காத பெயர்களையும் லிங்கர் பொறுத்துக்கொண்டு பிழையின்றி முடித்துவிடும், ஓட்டும்போதுதான் உடையும்.

பலர் தவறவிடும் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இவ்வாறு சேர்த்த இசட்லிப்பின் பெயர்கள் உங்கள் லைப்ரரியிலிருந்து வெளியே தெரியும். அதை ஏற்றும் நிரல் வேறொரு பதிப்பு இசட்லிப்பை முன்பே ஏற்றியிருந்தால், உங்கள் அழைப்புகள் அந்தப் பதிப்புக்குப் போய்விடக்கூடும். இத்தகைய கோளாறைத் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். லிங்கருக்கு 'எக்ஸ்க்ளூட்-லிப்ஸ்' என்ற தெரிவை 'ஆல்' என்ற மதிப்புடன் கொடுத்தால் அவை மறைந்துவிடும். பிறகு, லைப்ரரியிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் 'என்எம்' கட்டளையை டைனமிக் பெயர்களுக்கான தெரிவுடன் ஓட்டி, 'இன்ஃப்ளேட்' அங்கே வரையறுக்கப்பட்ட பெயராகத் தென்படவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

கணினியின் இசட்லிப் புதுப்பிக்கப்பட்டாலும் உங்கள் லைப்ரரிக்குள் இருப்பது பழையதாகவே இருக்கும். 2022 மார்ச்சில் வந்த 1.2.12 பதிப்பு, நினைவகத்தைச் சிதைக்கும் ஒரு பாதுகாப்புக் குறையைத் தீர்த்தபோது, இப்படி உள்ளே வைத்திருந்தவர்கள் தங்கள் லைப்ரரியை மறுபடி கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே எந்தப் பதிப்பைச் சேர்த்தீர்கள் என்பதை பில்டு ஸ்கிரிப்டிலேயே எழுதி வையுங்கள்.