நெஷ்

அன்புள்ள ஐயா,

நாட்டிங்ஹாமில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். லாரி வந்து நிற்கும் பக்கத்துக் கதவு நாளெல்லாம் திறந்தே கிடக்கும். செப்டம்பர் பிறந்ததுமே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் போவேன். கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் அரைக்கைச் சட்டையோடு நின்றுகொண்டு, என்னைப் பார்த்து “நெஷ், மி டக்” என்று சிரிப்பார். டக் என்றால் வாத்து என்று தெரியும். நெஷ்? என் நிறத்தைச் சொல்கிறாரோ என்று முதல் மாதம் தூக்கமே இல்லை. கையில் இருந்த சின்ன அகராதியிலும் அந்தச் சொல் கிடையாது. பிறகு ஒரு நண்பர் ‘மென்மை’ என்று பொருள் சொன்னார். அப்படியானால் நம் ‘நைதல்’, ‘நைந்த’ என்பதிலிருந்து அங்கே போன சொல்லாக இருக்குமோ? தமிழில் இதை எப்படிச் சொல்வது?

மு.

அன்புள்ள மு.,

நிம்மதியாகத் தூங்குங்கள். நிறத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. குளிர் தாங்காத ஆளை நாட்டிங்ஹாம், டார்பிஷர், ஸ்டாஃபோர்ட்ஷர் பக்கங்களில் நெஷ் என்பார்கள். அண்ணன் தம்பியைச் சொல்வான், பெண்டாட்டி புருஷனைச் சொல்வாள், ஹீட்டரைப் போட எழுந்து போகிறவர் தன்னையே சொல்லிக்கொள்வார். கூடவே வந்த ‘மி டக்’ இருக்கிறதே, அது நம் ஊர் ‘கண்ணு’, ‘ராசா’ மாதிரி. அதைச் சேர்த்துச் சொன்னவர் உங்களைச் சீண்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஈஸ்ட்வுட் என்ற நிலக்கரி ஊர் இருக்கிறது. நாவலாசிரியர் டி. எச். லாரன்ஸ் பிறந்த இடம். அவருடைய ‘சன்ஸ் அண்ட் லவர்ஸ்’ 1913-இல் வந்தது. அதில் சுரங்கத்தொழிலாளியான அப்பா மோரெல் குளிக்கும் காட்சி ஒன்று உண்டு. பின்கட்டில் வீசும் காற்று விலா எலும்புக்குள் புகுந்து போகிறது என்று நடுங்கிக்கொண்டே புலம்புவார். பெண்டாட்டியின் விலாவை நெஷ் என்பார், தானோ தோலுரித்த முயல் மாதிரி இருக்கிறேன் என்பார். நாளெல்லாம் பாறையை வெட்டிவிட்டு வந்த உடம்பு அது! பெண்டாட்டி அதை நம்புவதாக இல்லை. இந்தச் சொல்லின் ருசி அங்கேதான் இருக்கிறது. பாதி கேலி, பாதி கொஞ்சல்.

தாமஸ் ஹார்டியும் 1887-இல் வந்த ‘தி வுட்லாண்டர்ஸ்’ நாவலில் இதைப் போட்டிருக்கிறார். அவருடைய மண் தென்மேற்கில் இருக்கும் டார்செட். அங்கே பேச்சு குளிரைப் பற்றியதல்ல. பெண்ணை ரொம்ப நாள் விடுதிப் பள்ளியில் வைத்திருந்தால் அம்மாவைப் போலவே நெஷ் ஆகிவிடுவாள் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். பூஞ்சையாகிவிடுவாள் என்று அர்த்தம்.

இனி நைதல். இதில் உங்களுக்கு ஏமாற்றம்தான் தரமுடியும். இன்றைய உருவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உலகத்தில் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லுக்கும் மாமன் மச்சான்தான். பழைய உருவத்தைத் தேடிப் போகவேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது ‘ஹ்னெஷ்ஷெ’. முன்னால் ஒரு ஹகரம் இருந்தது. அந்த ஹகரம் பிற்பாடு கூட்டமாக உதிர்ந்துபோனது. ‘ஹ்னுடு’ நட் ஆனதும், ‘ஹ்ரிங்’ ரிங் ஆனதும், ரொட்டியைக் குறித்த ‘ஹ்லாஃப்’ லோஃப் ஆனதும் இப்படித்தான். இன்னும் பின்னால் போனால், ஆங்கிலத்துக்குப் பழைய உறவான கோதிக் மொழியில் ‘ஹ்னஸ்க்வுஸ்’ என்று நிற்கிறது. நைதலில் அந்த ஹகரம் எங்கே, ஸ்க்வு எங்கே? நமக்குப் பெருமை சேர்க்க வேறு எத்தனையோ இருக்கின்றன, இதை விட்டுவிடுவோம்.

அந்தக் கோதிக் சொல் எங்கே கிடைத்தது தெரியுமா? 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் செய்த பைபிள் மொழிபெயர்ப்பில். அதன் 6-ஆம் நூற்றாண்டுப் பிரதி ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, ஊதாத் தோல்தாளில் வெள்ளி மையால் எழுதியது. மத்தேயு 11:8. நம் தமிழ் வேதாகமத்தில் “மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ?” என்று வருகிற இடம். அந்த ‘மெல்லிய’வுக்குத்தான் கோதிக்கில் ஹ்னஸ்க்வுஸ். பழைய ஆங்கிலச் சுவிசேஷத்திலும் அதே இடத்தில் ஹ்னெஷ்ஷெ. ஒட்டகமயிர் உடுத்திய யோவானைப் பற்றிய பேச்சு அது. மெல்லிய துணிக்காரர்கள் அரண்மனையில் இருப்பார்கள் என்று அடுத்த வரியே குத்துகிறது. உங்கள் பெரியவர் ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்கு இந்த வசனம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் சொல்லுக்குள் அன்று ஏளனம் கிடையாது. இளந்தளிரும் நெஷ், இளகிய மனசும் நெஷ். எந்த நிலையிலும் என்பதற்கு ‘கடினத்திலும் நெஷ்ஷிலும்’ என்று ஒரு தொடரே இருந்தது. பிறகு ‘சாஃப்ட்’ பரவியது, பிரெஞ்சிலிருந்து ‘டெண்டர்’ வந்தது. எழுத்திலிருந்து நெஷ் நகர்ந்து ஆலைக்கும் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே மென்மையாக இருந்தால் பிழைப்பு நடக்காது. பொருள் சுருங்கிக் கேலியானதற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில் ஜோசப் ரைட்டைச் சொல்லாமல் போகமுடியாது. 1855-இல் பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் பிறந்தவர். சின்ன வயதில் கல்குவாரியில் கழுதை ஓட்டினார். ஏழு வயதில் சால்டேர் ஆலையில் நூல்கதிர் கழற்றும் பையன். எழுதப்படிக்கக் கற்றதே பதினைந்து வயதில்தான், அதுவும் பைபிளை வைத்து. அந்த ஆள் ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழியியல் பேராசிரியர் ஆனார். 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியைக் கொண்டுவந்தார். நெஷ் அதில் இருக்கிறது. கோதிக் இலக்கணமும் அவரே எழுதினார். சொல்லின் இரண்டு முனையையும் பிடித்திருந்த மனிதர்.

தமிழில் ஒரே சொல்லாகக் கேட்டால் திணறுகிறேன். ‘பூஞ்சை’ உடம்பைச் சொல்கிறது, குளிரைச் சொல்லவில்லை. ‘தொட்டாச்சிணுங்கி’ மனசுக்குப் போய்விடுகிறது. தென்மாவட்டங்களில் குளிரைக் கூதல் என்பார்கள், சங்கப்பாட்டில் வருகிற கூதிரின் உறவு. நான் மொழிபெயர்த்தால் மோரெலை ‘கூதல் தாங்காத உடம்பு’ என்று கேலி பேசவிடுவேன். உங்கள் பெரியவருக்கு அதுகூட வேண்டாம். “கூதக்காரா, வா ராசா” போதும்.

அன்புடன்.