34 வயதில் முகப்பருவா?

கேள்வி: எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். கல்லூரி நாளில்கூட வராத பரு இப்போது தாடையோரம் வரிசையாக வருகிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய க்ரீம் போட்டால் அமுங்குகிறது, நிறுத்தினால் இரட்டிப்பாகிறது. ஆற்றில் தண்ணீர் நின்று போர் தண்ணீரில் குளிப்பதால்தான் என்கிறார் மாமியார். உண்மையா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: போர் தண்ணீர், பாவம், தோலை வறட்டும், அவ்வளவுதான். எனக்கு அந்த க்ரீம் மேல்தான் சந்தேகம். ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, முதலில் முகம் பளிச்சென்று ஆகும், அப்புறம் தோல் மெலிந்து சிவந்து அதுவே பருவைக் கிளப்பிவிடும். சட்டென்று நிறுத்தினாலும் பொங்கும் என்பதால் ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள்.

தாடையோரப் பரு பெரும்பாலும் ஹார்மோன் சமாச்சாரம். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் கூடுகிறதா? தேதி தள்ளிப்போகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா? ஆமென்றால் பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) பரிசோதனையும் தேவை.

சிகிச்சை என்றால் பொதுவாக அடபலீன் 0.1% ஜெல், இரவில் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க, பருவின் தலையில் மட்டும் அல்ல. கூடவே பென்சாயில் பெராக்சைடு தருவார்கள், அது தலையணை உறையை வெளுத்துவிடும், பழைய உறையாகப் போடுங்கள். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது பிள்ளைக்கு யோசனை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் அடபலீன் தவிர்ப்பார்கள், கடுமையான பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை கருவையே பாதிக்கும். எலுமிச்சம்பழத்தை அரிந்து முகத்தில் தேய்க்கும் பழக்கம் இருந்தால் அதை மட்டும் இன்றே விடுங்கள்.