சின்னத் தொழிலுக்குக் குறைந்த செலவில் தரமான லோகோ செய்ய என்னென்ன வேண்டும்?

ஏற்காட்டில் சொந்தத் தோட்டத்தில் விளையும் காபியையும் மிளகையும் பாக்கெட் போட்டு சேலத்தில் விற்கப் போகிறீர்கள். லோகோவுக்கு ஒருவர் 500 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 30,000 கேட்கிறார். இந்த வித்தியாசம் எதனால், நடுவில் நியாயமான வழி உண்டா என்பது உங்கள் கேள்வி. உண்டு. சேலத்தில் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் லோகோ, லேபிள் வரைந்து கொடுப்பதுதான் என் வேலை. அதனால் பணம் எங்கே போகிறது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

500 ரூபாய் லோகோவில் பெரும்பாலும் யாரும் எதையும் வரைவதில்லை. ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கிய ரெடிமேட் தொகுப்பு கம்ப்யூட்டரில் இருக்கும். அதிலிருந்து ஒரு இலையையோ காபிக் கப்பையோ எடுத்து, கீழே உங்கள் பெயரை டைப் செய்து, சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். அந்தக் காசுக்கு அவ்வளவுதான் செய்ய முடியும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே இலை நாமக்கல்லில் ஒரு மூலிகைக் கடையிலும், ஈரோட்டில் ஒரு செக்கு எண்ணெய்க் கடையிலும் இருக்கக்கூடும். 30,000 ரூபாயில் லோகோவோடு லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, நிற விதிகள் அடங்கிய கையேடு, சோஷியல் மீடியாவுக்கான டெம்ப்ளேட்டுகள் என்று பலதும் சேர்ந்திருக்கும். நல்ல வேலையாகவே இருக்கலாம். முதல் நூறு கிலோவை இனிமேல்தான் விற்கப் போகிற ஒருவருக்கு அதில் பாதிகூட இப்போது தேவைப்படாது.

வேலையின் அளவைக் குறைத்தால் விலை நியாயமாகவே குறையும். யோசிக்கும் நேரத்தையும் சோதித்துப் பார்க்கும் நேரத்தையும் குறைத்தால் லோகோ கெட்டுப்போகும். என் கணக்கில் 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் ஒரு சின்னத் தொழிலுக்கு நேர்மையான லோகோ சாத்தியம். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரைவதற்கு முன்னால் கேள்வி கேட்பதற்கே நேரம் போகும், போகவும் வேண்டும். உங்கள் காபியை யார் வாங்கப் போகிறார்கள்? அஸ்தம்பட்டியிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் தினமும் ஃபில்டர் போடுகிற வீடுகளா, ஏரிக்கரையில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிற சுற்றுலாக்காரர்களா? முதல் ஆள் மாதாமாதம் அதே கடைக்கு வந்து அதே பாக்கெட்டை அலமாரியில் தேடுவார். இரண்டாம் ஆள் அதை ஒரே முறை பார்ப்பார், பரிசாகவும் கொடுப்பார். இருவருக்கும் ஒரே லோகோ போதும், ஆனால் எதைப் பெரிதாகக் காட்டுவது என்பது மாறும். அடுத்து, லோகோ முதன்முதலில் எதன் மேல் அச்சாகப் போகிறது என்ற கேள்வி. இதைக் கேட்காமல் வரைய ஆரம்பிக்கிற டிசைனரிடம் கொஞ்சம் யோசித்துப் பணம் கொடுங்கள்.

சேலத்து வேலைகளை வைத்தே சொல்கிறேன். சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கு லோகோ கடைசியில் கொலுசின் கொக்கிப் பக்கம் அடிக்கிற சீலாகப் போய்ச் சேரும். சில மில்லிமீட்டர் அகலம்தான், நிறமே கிடையாது. ஜவ்வரிசி ஆலைக்கு அது பிளாஸ்டிக் சாக்கின் மேல் ஒற்றை நிறத்தில் விழும், மெல்லிய கோடு போட்டால் சாக்கின் பின்னலில் காணாமல் போகும். அம்மாப்பேட்டையில் சேலை விற்பவருக்கு நூலில் நெய்த சின்ன லேபிள். உங்களுக்கு அது முதலில் ஸ்டிக்கராகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். அச்சடித்த பவுச் செய்ய வழக்கமாக ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு சிலிண்டர் போட வேண்டும், அந்தச் செலவு கட்டுப்படியாக ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்க வேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஆக, லோகோவில் நிறம் ஒன்றோ இரண்டோ இருந்தால் அந்த மிச்சம் ஒருமுறையோடு முடிவதில்லை, பை, பாக்கெட், பில் புக் என்று எதை அச்சடித்தாலும் கூடவே வரும். டிசைனருக்குக் கொடுக்கிற கூலியைவிடப் பெரிய பணம் இங்கேதான் இருக்கிறது.

ஸ்டேட் பேங்க் சின்னத்தைப் பாருங்கள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971-ல் வடிவமைத்தது. ஒரு வட்டம், நடுவில் ஒரு சின்னத் துளை, அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு வெட்டு. பாஸ்புக் மூலையிலும் கட்டடத்தின் உச்சியிலும் அது அதுவாகவே தெரிகிறது, கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் கெடுவதில்லை. உங்கள் லோகோவும் முதலில் வெறும் கறுப்பில் உங்களுக்குப் பிடிக்க வேண்டும். நிறத்தைப் பிறகு பார்க்கலாம். முதல் முறையே ஐந்து நிறமும் பளபளப்பும் நிழலுமாகக் காட்டினால், வடிவம் எப்படி இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் தமிழ் எழுத்து. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பெரும்பாலான லோகோக்களில் ஆங்கிலப் பெயரைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிவிட்டு, தமிழ்ப் பெயரைக் கையில் கிடைத்த ஏதோ ஒரு எழுத்துருவில் அடியில் ஒட்டிவிடுகிறார்கள். புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து ரோடு வரை நடந்து போனால் போர்டுக்குப் போர்டு இதைப் பார்க்கலாம். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் மேலே, பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகிய மூன்றும் 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்கிறார்கள். எப்படியும் தமிழ்தான் பெரிதாக வரப்போகிறது என்றால் லோகோவையே தமிழிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை.

தமிழில் கவனிக்க வேண்டியது வேறு. ண, ஞ, ஜ, ழ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் சின்ன அளவில் மை பரவி அடைந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி இன்னும் மோசம். எம்பிராய்டரியிலும் ரப்பர் ஸ்டாம்பிலும் சாக்கிலும் முதலில் விழுந்துபோவது அதுதான், புள்ளி போனால் பெயரே மாறிவிடும். ஆகவே புள்ளியைச் சாதாரண எழுத்துருவில் இருப்பதைவிடப் பெரிதாக்கி, எழுத்துக்குக் கொஞ்சம் கிட்டே இறக்க வேண்டும். துணைக்கால் ‘ர’ மாதிரித் தெரியாமல் பிரித்துக் காட்ட வேண்டும். இதெல்லாம் கையால் செய்கிற வேலை, சில மணி நேரம் பிடிக்கும். அதற்குக் காசு கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

எழுத்துரு வாங்க உங்களுக்குச் செலவே இல்லை. முக்த மலர், கேட்டமரான் (Catamaran), ஹிந்த் மதுரை, பலூ தம்பி என்று திறந்த உரிமத்தில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். அவற்றில் ஒன்றை அடிப்படையாக வைத்து மாற்றி வரைந்தாலே போதும்.

எதை வரைவது என்பதற்கு வருகிறேன். ஏற்காடு என்றாலே மலை, உதிக்கும் சூரியன், காபிக்கொட்டை, எல்லாம் பச்சையில். மலையில் விற்கிற பாக்கெட்டுகளை வரிசையாக வைத்தால் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். நாலு பேர் வைத்திருக்கும் அதே மலையை ஐந்தாவதாக நீங்களும் வைத்தால் வாங்குபவருக்கு உங்களை எப்படி ஞாபகம் இருக்கும்? உங்கள் தோட்டத்தில் மட்டும் இருப்பது எது என்று தேடுங்கள். மிளகுக்கொடி ஏறி நிற்கிற சில்வர் ஓக் மரமா, வீட்டு வாசலின் வளைவா, காய வைக்கும் களத்தின் வடிவமா? ஒன்றும் அமையவில்லை என்றால் படமே வேண்டாம், பெயரை மட்டும் நன்றாக எழுதினால் போதும். சின்னத் தொழில்களுக்கு நான் பெரும்பாலும் சிபாரிசு செய்வது இதைத்தான்.

செலவைக் குறைக்க நீங்களே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. பெயரையும் அதன் தமிழ், ஆங்கில எழுத்துக் கூட்டலையும் முடிவு செய்துவிட்டுப் போங்கள். போட்டியாளர்களின் பாக்கெட்டுகளை நீங்களே போட்டோ எடுத்துக் கொடுங்கள். ஐந்து மாதிரி கேட்காமல் இரண்டு கேளுங்கள், ஐந்து கேட்டால் மூன்று இடத்தை நிரப்பத்தான் வரும். வீட்டில் யார் ஒப்புதல் சொல்லப் போகிறார்கள் என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். அண்ணன், மச்சான், ஆடிட்டர் என்று ஆளுக்கொரு திருத்தம் சொல்ல ஆரம்பித்தால் கூலியும் ஏறும், லோகோவும் சிதைந்து போகும். ‘எத்தனை திருத்தம் வேண்டுமானாலும் இலவசம்’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். முதல் மாதிரியை அவசரமாகச் செய்தால்தான் அப்படிக் கொடுக்கக் கட்டும். இரண்டு சுற்று திருத்தம் என்று எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

மாதிரி வந்ததும் திரையில் மட்டும் பார்த்துச் சரி சொல்லிவிடாதீர்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் சாதாரண பிரிண்டரில் எடுத்துப் பாருங்கள். வாட்ஸ்அப் முகப்புப் படமாக வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். ஏ4 தாளில் பெரிதாக எடுத்துச் சுவரில் ஒட்டி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். பாக்கெட்டின் அளவிலும் ஒருமுறை வைத்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் அங்கே இடத்துக்குப் போட்டி அதிகம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) தரும் 14 இலக்க உரிம எண், சைவம் என்பதற்கான பச்சைக் குறி, நிகர எடை, விலை, முகவரி எல்லாம் வர வேண்டும். சிக்கரி கலந்தால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். இதற்கெல்லாம் நடுவில் லோகோ மூச்சு விட வேண்டும்.

வேலை முடிந்ததும் கையில் என்ன வாங்க வேண்டும்? வெறும் ஜேபிஜி வாங்கிக்கொண்டு வராதீர்கள். போர்டு அளவுக்குப் பெரிதாக்கினால் அது கட்டம் கட்டமாக உடையும். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பு வேண்டும்: எஸ்விஜி, பிடிஎஃப், அத்துடன் நம் ஊர் டிடிபி கடைகளும் ஃப்ளெக்ஸ் கடைகளும் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருள் வைத்திருப்பதால் அதில் திறக்கும் கோப்பும். எழுத்தெல்லாம் ‘கர்வ்’ செய்யப்பட்டிருக்க வேண்டும், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எழுத்துரு இல்லாத பிரஸ்ஸில் திறந்ததும் தமிழ்ப் பெயர் கண்டபடி குறிகளாக மாறி நிற்கும். பின்னணி இல்லாத பிஎன்ஜி ஒன்று, கறுப்பு வெள்ளை வடிவம் ஒன்று, அச்சுக்கான நிற எண்கள். இவ்வளவும் 5,000 ரூபாய் வேலையிலும் அடங்கும்.

பலரும் விட்டுவிடுவது உரிமை எழுதி வாங்குவதை. வெளியாள் வரைந்த லோகோவின் பதிப்புரிமை, பணம் கொடுத்த மாத்திரத்தில் உங்களுக்கு வந்துவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அதை எழுத்தில், கையொப்பத்துடன் மாற்றித் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்’ என்ற வரி அதில் இருக்கட்டும். ஒரு பக்கக் கடிதம் போதும், நல்ல டிசைனர் மறுக்க மாட்டார்.

கேன்வா மாதிரியான செயலியில் நீங்களே செய்துகொள்ளலாமா என்றும் யோசிப்பீர்கள். செய்யலாம். ஆனால் அங்கே இருக்கும் டெம்ப்ளேட்டும் படங்களும் எல்லோருக்கும் பொது, அவற்றை வைத்துச் செய்த லோகோவை உங்களுடையது என்று டிரேட்மார்க் (வணிகக் குறி) பதிவு செய்ய முடியாது. ஏஐ படங்கள் உங்கள் ரசனையை டிசைனருக்குக் காட்ட உதவும். அதில் வரும் தமிழ் எழுத்துகள் சிதைந்திருக்கக்கூடும், கோப்பும் பெரும்பாலும் வெக்டராக இருக்காது, அப்படியென்றால் ஒருவர் மறுபடி வரைய வேண்டும்.

டிரேட்மார்க்குக்கு ஆன்லைனில் தனிநபர் அல்லது சிறு நிறுவனம் என்றால் ஒரு வகுப்புக்கு, அதாவது பதிவில் பொருட்களைப் பிரித்திருக்கும் ஒரு பிரிவுக்கு, 4,500 ரூபாய் கட்டணம். காபி, மிளகு இரண்டுமே 30-ஆம் வகுப்பில் வருவதால் உங்களுக்கு ஒரே கட்டணம் போதும். பதிவானால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன் இணையத்தில் இலவசமாகவே தேடிப் பாருங்கள், உச்சரிப்பு ஒத்த பெயர்களையும் சேர்த்து. ‘ஏற்காடு காபி’ என்பதை மட்டும் பெயராக வைத்தால் கிடைக்காது. ஊர்ப் பெயரும் சரக்கின் பெயரும் எல்லோருக்கும் பொது, உங்களுக்கென்று ஒரு சொல் சேர வேண்டும். ஆகையால் இந்தத் தேடலை லோகோ வரைய ஆரம்பிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இப்போது 5,000 ரூபாயும் கையைக் கடிக்கிறது என்றால், அதற்கும் வழி இருக்கிறது. மேலே சொன்ன இலவச எழுத்துரு ஒன்றில் பெயரை மட்டும் வைத்து, கறுப்பில் ஒரு பெரிய ரப்பர் ஸ்டாம்பு செய்து, ரெடிமேடாகக் கிடைக்கும் பழுப்புக் காகித பவுச்சில் குத்துங்கள். உள்ளே வறுத்த காபி நன்றாக இருந்தால் அந்த பவுச் பார்க்கவும் அழகாகவே இருக்கும். மே மாதக் கோடை விழாவில் ஒரு ஸ்டால் போட்டு, யார் வாங்குகிறார்கள், எதைக் கேட்கிறார்கள், பெயரைச் சரியாகப் படிக்கிறார்களா என்று எழுதி வையுங்கள். டிசைனரைப் பார்க்கப் போகும்போது அந்தக் குறிப்பையும் ஒரு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போனால், அவர் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதிக்குப் பதில் அதிலேயே இருக்கும்.