தொண்டையில் பஞ்சுக்குச்சி விடப் பையன் மறுத்தால்

மன்னார்குடி லேபில் பஞ்சுக்குச்சியைப் பார்த்ததுமே உங்கள் 5 வயதுப் பையன் வாயை இறுக்கிக்கொண்டான், தொண்டையில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் எடுக்காமலே திரும்பினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் எங்கள் வீட்டிலும் அதே கூத்துதான், போன ஐப்பசி மழையில்.

முதலில், சாப்பிட்ட கையோடு கூட்டிப் போகாதீர்கள். நாங்கள் இரண்டு இட்லி ஊட்டிவிட்டுப் போனோம், அத்தனையும் என் புடவையில்! ஒன்றுமே செய்யாது என்று பொய் சொல்லவும் வேண்டாம்; ஓங்கரிப்பு வரும், ஆனால் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று சொல்லி, முதல் நாள் ராத்திரியே கண்ணாடி முன்னால் டார்ச் அடித்து, நாய் இரைக்கிற மாதிரி ஹா ஹா என்று மூச்சுவிடப் பழக்குங்கள். அங்கே போனதும் மடியில் உட்காரவைத்து, முதுகு உங்கள் நெஞ்சில் சாய, ஒரு கையால் அவன் இரண்டு கைகளையும் சேர்த்து அணைத்து, இன்னொரு கையை நெற்றியில் வையுங்கள். தலை ஆடினால் குச்சி நாக்கில்தான் படும். இரண்டு டான்சிலிலும் தொண்டையின் பின்சுவரிலும் படாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அதுதான் பெரிய கொடுமை.

அப்புறம், வீட்டில் மீந்துகிடக்கும் ஆன்டிபயாடிக்கை டெஸ்டுக்கு முன்னால் கொடுத்துவிடாதீர்கள், கல்ச்சரில், அதாவது குச்சியில் எடுத்ததை லேபில் வளர்த்துப் பார்க்கும்போது, கிருமி வளராமல் போகலாம். எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிந்தாலோ மூச்சு திணறினாலோ லேபே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.