வாசலில் நின்ற புக்கை

அன்பின் அண்ணைக்கு,

நாங்கள் முள்ளியவளையில் பரம்பரைக் கத்தோலிக்கர். மூத்தவன் இரண்டு வருசமாக வேறொரு சபைக்குப் போகிறான். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் முடிந்து பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த புக்கையை (பொங்கல் சோற்றை) இந்த முறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். குழந்தையில் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, திரும்ப முழுக்கு எடுக்கவேண்டும் என்கிறான். மடு மாதா கோவிலுக்கும் வரமாட்டானாம். இதில் எது விசுவாசம், எது பழக்கம்?

— ஒரு தாய்

அன்பின் அக்கா,

மூன்றும் ஒரே கனமில்லை. மகன் மூன்றையும் ஒரே தராசில் போட்டுவிட்டான். நீங்களும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில், தான் ‘பிரதானமாக’ ஒப்புவித்தது இதுதான் என்று பவுல் சொல்கிறார்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார். அவர் எழுந்திருக்காவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்பதும் அங்கேதான். அதே பவுல் 8ஆம் அதிகாரத்தில் படையல் சாப்பாட்டுக்கு வரும்போது குரல் தளர்கிறது. சாப்பிட்டால் மேன்மையில்லை, விட்டால் குறைவுமில்லை என்கிறார். ஆனால் 10ஆம் அதிகாரத்தில், ‘இது படைத்தது’ என்று ஒருவர் சொன்னால் சாப்பிடாதே என்றும் எழுதுகிறார். ஆகவே மகனிடம் வசனம் இல்லையென்று சொல்லமுடியாது. நானும் ஒருகாலத்தில் புக்கை விலக்கியவன்தான். சர்க்கரைப் புக்கை என்றால் மட்டும் மனச்சாட்சி கொஞ்சம் இளகும். அவன் சாப்பிடாமல் விடட்டும். அந்த அக்காவை முகம் வாடத் திருப்பி அனுப்பச் சொல்லி எந்த அதிகாரத்திலும் இல்லை. வாங்கி உங்களிடம் தந்திருக்கலாமே!

ஞானஸ்நானம் அவ்வளவு லேசில்லை. ஆதித் திருச்சபையின் நிசேய விசுவாச அறிக்கை ‘ஒரே ஞானஸ்நானம்’ என்கிறது. எவ்வளவு தண்ணீர், எந்த வயது என்று சொல்லவில்லை. அதில்தான் சபைகள் பிரிந்து நிற்கின்றன. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில் புரட்டஸ்தாந்துத் தலைவர்களான லூத்தரும் சுவிங்லியும் 14 விடயங்களில் ஒத்துப்போய், 15ஆவதான இராப்போசனத்தில் (நற்கருணையில்) முட்டுப்பட்டுப் பிரிந்தார்கள். அவர்களுக்கே அப்படியென்றால், நீங்களும் மகனும் குசினியில் நின்று தீர்த்துவிட முடியாது. இது முக்கியமான விடயம்தான். ஆனால் பவுல் ‘பிரதானமாக’ என்று சொன்ன இடத்தில் இதை வைக்கவில்லை. என் கணக்கு அவ்வளவுதான். உங்கள் பங்குச் சுவாமி இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார்.

மடு விடயம் உங்களுக்குக் கசக்கும். உண்மைகளுக்குள் ஒரு படிநிலை உண்டென்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே 1964இல் எழுதிவைத்தது. மடுவுக்குப் போகாதவன் கத்தோலிக்கன் இல்லையென்று எந்தச் சுவாமியும் சொல்லமாட்டார். 2008இல் சண்டை நெருங்கியபோது மடுவிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துப்போனார்கள். அந்த மாதங்களில் உங்கள் விசுவாசம் குறைந்ததா? நீங்கள் போங்கள், அவனை இழுக்கவேண்டாம். அவனும் உங்கள் செபமாலையைப் பற்றி வாய் திறக்கவேண்டாம்.

அடுத்த வைகாசிப் பொங்கலுக்குப் புக்கை வரும்போது வாசலுக்கு நீங்கள் போங்கள். அதற்கு முதல் நத்தார் வருகிறது. பக்கத்து வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்பும்போது அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.