வகுப்பு முடிந்ததும் ஒரு குழந்தை வந்து சொன்னால்

வணக்கம் டீச்சர். நான்காம் வகுப்பில் பாதுகாப்பான தொடுதல் பற்றிப் பாடம் எடுத்த மறுநாள் ஒரு சிறுமி தன் சித்தப்பா செய்வதைச் சொல்லி அழுததாகவும், தலைமை ஆசிரியர் "குடும்ப விஷயம், விட்டுவிடுங்கள்" என்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012, பிரிவு 19-இன்படி இதைக் காவல்துறையிடம் தெரிவிப்பது உங்கள் கடமை. ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மறைத்தால்தான் தண்டனை: பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை. தலைமை ஆசிரியரிடம் இதை அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். அவர் சம்மதிக்காவிட்டாலும் நீங்களே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். பிறகு அதை மீற வேண்டிவரும், அவளுக்கு அது இன்னொரு ஏமாற்றம். "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பே இல்லை" என்று சொல்லுங்கள். வீட்டுக்குத் தகவல் போவதற்கு முன் காவல்துறையிடம் பேசிவிடுங்கள், ஏனென்றால் அந்த ஆள் அதே வீட்டில் இருக்கிறார். வாக்குமூலம் வாங்கும்போது போலீஸ் சீருடையில் வரக்கூடாது, அவள் பெயரும் வெளியே வரக்கூடாது. இதை அவள் அம்மாவிடம் சொன்னால் பயம் கொஞ்சம் குறையும்.

அப்புறம், பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பாடம் நடந்ததால்தான் அவள் வாய் திறந்தாள்.